நாலடி வட்டத்துக்குள் ஒன்பது பேர்

கரித்துண்டால் சுவரில் ஒரு வட்டம் போட்டார் சின்னப்பன் மாமா. ஓர் ஆணியை அடித்து, அதில் இரண்டடி நூலைக் கட்டி, நூல் நுனியில் கரியைப் பிடித்து ஒரே சுற்று. காம்பஸ் வைத்துப் போட்டாலும் அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. பதினெட்டு வருஷம் கிணற்று வாய்க்கு வட்டம் போட்ட கை அது.

போட்டுவிட்டு வட்டத்தின் ஓரமாக ஒரு குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டு, சுவரில் தோள் உரச உட்கார்ந்தார். தலை கோட்டைத் தாண்டிப் போயிற்று. கழுத்தை மடக்கினார். இன்னும் தாண்டியது. முதுகையும் வளைத்து, முழங்காலை நெருக்கி, கோட்டுக்குள் தன்னை அடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீ நடுவுல ஒக்காரலாம்னு நெனப்ப மாப்ள. நடுவுல கம்பி போவுது. ஆளு ஓரமாத்தான் ஒக்காரணும். ஓரத்துல தகரம் வளையுது. அப்போ இவனும் வளையணும்."

அந்தக் கோலத்திலேயே இரண்டு கையையும் நீட்டி, இல்லாத கைப்பிடி ஒன்றைப் பிடித்துச் சுற்றிக் காட்டினார். பத்துச் சுற்று இருக்கும். மூச்சு வாங்கியது.

"இப்படி எவ்ளோ தூரம் போனாங்களாம்?"

"மைல் கணக்குல மாமா. தண்ணிக்கு அடியில."

அவர் வட்டத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. "யாரு இவங்கள எறங்கச் சொன்னது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அன்றைக்கே என் நோட்டில் எழுதி வைத்தேன். போன வாரம் மோட்டாருக்குக் காயில், அதாவது செப்புக் கம்பிச் சுருள், கட்டக் கற்றுக்கொண்ட கதையைச் சொன்னபோது இந்த நோட்டைப் பற்றி ஒரு வரி வந்தது. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்ற எனக்கு மனிதர்கள் பேசுவதுதான் பாடம். யாராவது நறுக்கென்று ஒன்று சொல்லிவிட்டால், கிரீஸ் கையோடு ஓடிப் போய் எழுதிவிடுவேன். இன்றைக்கும் அந்தப் பக்கங்களில் விரல் ரேகை கறுப்பாக இருக்கிறது.

ஸ்டெல்லா டீச்சர் போட்ட நிபந்தனை

எண்பதுகளில் ஏதோ ஒரு கோடை. இரண்டு வருஷம் மழை ஏமாற்றியிருந்தது. பென்னாகரத்தில், ஒகேனக்கல் ரோட்டில், என் மோட்டார் ரிப்பேர் கடை. கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க எனக்கு வேலை ஏறும். வெறும் காற்றை இழுத்துக் காயில் புகைந்து வரும் மோட்டார்கள் வரிசை கட்டி நிற்கும். ஊர் வாடும்போது நாம் கொழிக்கிறோமே என்று கூச்சமாகக்கூட இருக்கும்.

அந்த வரிசைக்கு நடுவில்தான் ஸ்டெல்லா டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். பெண்கள் பள்ளியில் அறிவியல் எடுப்பவர். தருமபுரியில் ஆசிரியர்களுக்கு ஒரு போட்டி வைத்திருந்தார்கள். பாடம் நடத்துவதற்கான கருவியை ஆசிரியரே செய்து கொண்டுபோக வேண்டும். எல்லோரும் அட்டையில் இதயம் செய்வார்கள், தெர்மாகோலில் எரிமலை செய்வார்கள். டீச்சருக்கு மிதக்கும் விதியைக் காட்ட ஒரு நீர்மூழ்கிக் கப்பல் வேண்டும்.

"மோட்டார் வெச்சுச் செய்யலாங்க டீச்சர், அது என் கைவேலை" என்றேன்.

"மோட்டாரே வேண்டாம்னுதாங்க வந்தேன்" என்று ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தைப் பிரித்தார்.

நூறு வருஷத்துக்கும் முந்தைய ஒரு நீர்மூழ்கியின் படம். எஞ்சின் கிடையாது, கரண்ட் கிடையாது. நாற்பதடி நீளத்துக்கு ஓர் இரும்புக் குழாய். அகலம் நாலடிதான். அதற்குள் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து, கோணல் கோணலாக வளைத்த ஒரு நீளக் கம்பியைக் கையால் சுற்றுகிறார்கள். கம்பியின் பின்முனையில் விசிறி. முன்னால் ஒருவர் வழி பார்க்கிறார். ஆக ஒன்பது பேர். ஏதோ ஒரு தூர தேசத்து உள்நாட்டுச் சண்டையில் எதிரிக் கப்பலை உடைப்பதற்காகச் செய்தது.

ஒரு செய்தி சொல்லிவிடுகிறேன். அந்தப் புத்தகத்தில் ஒன்பது பேர்தான். பிற்பாடு, ரொம்பக் காலம் கழித்து, அந்தக் கப்பலையே கடலடியிலிருந்து எடுத்துப் பார்த்தபோது உள்ளே எட்டுப் பேர்தான் இருந்தார்கள் என்று பேப்பரில் படித்தேன். நாங்கள் செய்தது ஒன்பது. திருத்த முடியாது.

"பத்துக்கு ஒண்ணுன்னு அளவு. நாலடி நீளம். மூழ்கணும், தானா மேல வரணும். உள்ள ஆளுங்க சுத்தறது வெளிய தெரியணும்" என்றார் டீச்சர்.

"ஆளுங்கள யாரு செய்யறது?" என்று நான் இழுத்தேன்.

மூலையில் உட்கார்ந்து பழைய காயில் கம்பியைப் பிரித்துக்கொண்டிருந்த சின்னப்பன் மாமா தலையைத் தூக்கினார். "நான் செய்யறேனுங்க" என்றார்.

நான் ஆச்சரியப்பட்டேன். என் கடைக்கு வந்த இரண்டு வருஷத்தில் அவர் தானாக வாயைத் திறந்து ஒரு வேலையைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டைச் சுற்றிப் போகிறவர்

மாமா என்றால் என் அக்கா ரெஜினாவின் வீட்டுக்காரர். ஏரியூர் ரோட்டை ஒட்டிய கிராமம். கிணறு வெட்டுவதிலும், இருக்கிற கிணற்றை வெடி வைத்து ஆழப்படுத்துவதிலும் அவரையும் முனியப்பனையும் கேட்காமல் அந்தப் பக்கம் யாரும் கடப்பாரையைத் தூக்க மாட்டார்கள். மாமா மாதா கோயிலுக்குப் போவார், முனியப்பன் தன் பெயருள்ள சாமிக்குக் கிடா வெட்டுவார். மற்றபடி ஒரே பீடிக்கட்டு.

வேலையில் அவர்களுக்கு ஒரு பிரிவினை. முனியப்பன் கீழே இறங்குவார். மாமா மேலே. கிணற்று வாயில் மரச்சட்டம் போட்டு, அதில் கைப்பிடி வைத்த உருளை. கூலியாட்கள் இரண்டு பேர் உருளையைச் சுற்றுவார்கள். விளிம்பில் நின்று கீழே பார்த்து, 'வுடு', 'நிறுத்து', 'இழு' என்று சொல்பவர் ஒருவர். அவரை மேலாள் என்பார்கள். மேலாள் சொல்லாமல் கயிறு அசையாது. மேலாள் எந்தக் காரணத்துக்கும் இறங்கக் கூடாது. அதுதான் அந்தத் தொழிலின் சட்டம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், முந்தின நாள் வெடி வைத்த கிணற்றில் முனியப்பன் இறங்கினார். அடியில் கெட்ட காற்று நின்றிருந்தது. போனவர் திரும்பவில்லை.

மாமா சட்டப்படி மேலேயே நின்றார். ஊர் சட்டம் பார்க்குமா? "கூட்டாளி உள்ள கெடக்கறான், இவரு மேல நின்னு எட்டிப் பாத்துக்கினு இருந்தாரு" என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து மாமா கயிற்றைத் தொடவில்லை. என் கடைக்கு வந்து காயில் பிரித்தார்.

பஸ் ஏற வேண்டுமானால் முனியப்பன் வீட்டு வாசல் வழியாகப் போவதுதான் குறுக்கு வழி. மாமா அந்த வழியே போக மாட்டார். ஏரிக்கரை ஏறி, அரை மைல் சுற்றிக்கொண்டு வருவார். முனியப்பன் சம்சாரம் மாதம்மாவின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. கருமாதிக்கே போகவில்லை. அக்காதான் புடவை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டு வந்தாள்.

"ஒரு தடவ போயி மூஞ்சியக் காட்டிட்டு வந்துருங்களேன். அந்தப் பொண்ணு ஒண்ணும் கடிச்சித் திங்காது" என்று அக்கா அலுத்துக்கொள்வாள். மாமா துண்டை உதறிப் போட்டுக்கொள்வார்.

மூழ்குவதற்கென்று ஒரு கப்பல்

சரி, கப்பலுக்கு வருகிறேன். உடம்புக்குப் பழைய டிரம் தகடு. நாலடி நீளம், ஐந்து அங்குல அகலம், இரண்டு முனையும் கூம்பு. ஒரு பக்கத்தை மட்டும் தட்டையாக்கி, உள்ளே தெரிவதற்காகப் போட்டோ சட்டக் கண்ணாடியைப் பதித்தேன். நடுக்கம்பிக்குச் சைக்கிள் ஸ்போக். அதைக் குறட்டால் மடக்கி மடக்கி எட்டுக் கைப்பிடி எடுத்தேன். ஆளைச் சுற்ற வைக்க சைக்கிள் ட்யூபைப் பட்டையாக வெட்டி முறுக்கினேன். முறுக்கு அவிழ அவிழக் கம்பி சுற்றும், விசிறியும் சுற்றும்.

முன்னும் பின்னும் இரண்டு சின்ன அறைகள். அவற்றில் தண்ணீர் புகுந்தால் கப்பல் இறங்கும். மேலே கொண்டுவர, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் மெல்லிய குழாயை அறைகளில் செருகி வெளியே கொண்டுவந்தேன். வாயால் ஊதினால் காற்று போய்த் தண்ணீரைத் தள்ளும், கப்பல் எழும்.

கண்ணாடி விளிம்பு ஒழுகியது. எத்தனை ஈயம் பற்ற வைத்தாலும் ஒழுகியது. ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தார் பூசும் ஒருவரிடம் போய்க் கொஞ்சம் தார் கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன். அவர் தார்ச் சட்டியைக் கையில் வைத்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாங்க மூழ்காம இருக்கறதுக்குத் தார் பூசறம். நீ மூழ்கறதுக்குப் பூசப் போற. எடுத்துக்கினு போ, ஆனா நான் குடுத்தேன்னு சொல்லிடாத."

இது நோட்டில் இருக்கிறது. கடைக்கு எதிரே டீக்கடைக்காரர் சொன்னதும் இருக்கிறது. "மூழ்கறதுக்குன்னே ஒரு கப்பலா? மழை பேஞ்சா நம்ம டவுன் பஸ்ஸே அத நல்லா செய்யுமே!"

மாமா சிரிக்கவில்லை. கல்யாண முருங்கைக் கட்டையைச் சின்னக் கத்தியால் செதுக்கிக்கொண்டிருந்தார். லேசான மரம், வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். சுவரில் போட்ட வட்டத்தில் தானே உட்கார்ந்து பார்த்த வளைவு ஒவ்வொரு பொம்மை முதுகிலும் வந்தது. முழங்கைக்கு என் காயில் செப்புக் கம்பியால் கீல் வைத்தார். ஒருவருக்கு முண்டாசு. ஒருவருக்கு லேசான தொந்தி. வெளிநாட்டுச் சிப்பாய்கள் எல்லோரும் பென்னாகரம் சந்தைக்கு வந்தவர்கள் மாதிரிதான் இருந்தார்கள்.

"இது நம்ம உருளைதான் மாப்ள. நாம நிக்க வெச்சு சுத்தறம், அவன் படுக்க வெச்சுட்டான்" என்றார் ஒருநாள்.

பத்தாவது ஆள்

பொம்மைகள் முடிந்த அன்று டீச்சர் வந்து எண்ணினார். ஒன்று, இரண்டு என்று போய் பத்தில் நின்றார். மறுபடி எண்ணினார். பத்துதான்.

"ஒன்பது பேர்தானேங்க? ஒண்ணு கூட இருக்கே."

பத்தாவது பொம்மை உட்கார்ந்திருக்கவில்லை. நின்றுகொண்டிருந்தது. கொஞ்சம் குனிந்து கீழே பார்த்தபடி, வலது கையை நீட்டிக்கொண்டு.

"அது மேலாளுங்க" என்றார் மாமா.

"அந்தக் கப்பல்ல அப்படி யாரும் இல்லீங்களே."

"இல்லாம எப்படிங்க எறங்குவாங்க? இவங்க உள்ள இருக்கறாங்க. மேல ஒருத்தன் கயிறு புடிச்சுக்கினு நிக்க வேணாமா? ஒண்ணு ஆனா இழுக்கறது யாரு?"

டீச்சர் பொறுமையாகச் சொன்னார். கயிறே கிடையாது. உள்ளே போய் மூடியை இறுக்கிக்கொண்டால் அவ்வளவுதான். அந்தக் கப்பல் சோதனையிலேயே இரண்டு தடவை மூழ்கி, உள்ளிருந்தவர்கள் செத்தார்கள். தூக்கி எடுத்துக் கழுவி, மூன்றாவது முறை வேறு ஆட்கள் ஏறினார்கள். எதிரிக் கப்பலை உடைத்துவிட்டு அவர்களும் திரும்பி வரவில்லை.

மாமா மேலாள் பொம்மையைக் கையில் எடுத்தார். பிறகு, "மேலாள் இல்லன்னா நான் இதச் செய்ய மாட்டனுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கடைசியில் டீச்சரே விட்டுக் கொடுத்தார். மேலாள் பொம்மையை ஒரு குச்சியில் நிறுத்தித் தொட்டி விளிம்பில் செருகிக்கொள்வது, காற்றுக் குழாயை அவன் கை வழியாகக் கொண்டுவருவது என்று ஏற்பாடு.

போட்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆறுதல் பரிசு. பார்வையிட வந்த அதிகாரி அந்தப் பொம்மையைக் காட்டி, "இவர் யாரும்மா?" என்று கேட்டாராம். "அவரு எங்க ஊர்க்காரருங்க சார்" என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். முதல் பரிசு தெர்மாகோல் எரிமலைக்குப் போயிற்று.

மெழுகுவத்தி

ஆனால் நான் சொல்ல வந்தது பரிசைப் பற்றி அல்ல. பத்தாவது ஆளுக்கு ஒப்புக்கொண்ட அதே பகலில், டீச்சர் புறப்படும் முன் புத்தகத்தில் இன்னொரு பத்தியைத் தமிழில் சொன்னார்.

"உள்ள வெளிச்சத்துக்கு ஒரே ஒரு மெழுகுவத்தி வெச்சிருப்பாங்களாம். அது வெளிச்சத்துக்கு மட்டும் இல்லீங்க. காத்து கெட்டுப் போனா சுடர் மங்கும். மங்குச்சுன்னா மேல வந்துரணும்னு அர்த்தம்."

மாமாவின் முகம் அப்போது மாறியதை டீச்சர் கவனிக்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். மாமா பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டார். போட்டுவிட்டு, டப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மாப்ள, அன்னைக்கி வெளக்கு எறக்கல."

எனக்கு உடனே புரிந்தது. கிணறு வெட்டுகிறவர்கள் காலையில் ஆள் இறங்கும் முன்னால் ஓர் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி அடிவரைக்கும் விடுவார்கள். எரிந்தபடி திரும்பி வந்தால் ஆள் இறங்கலாம். அணைந்து வந்தால் அன்றைக்கு வேலை இல்லை. விளக்கைப் பார்ப்பது மேலாளின் பொறுப்பு. முனியப்பன் செத்த அன்று விசாரிக்க வந்த போலீஸ்காரரிடமும் ஊரிடமும் மாமா என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். விளக்கு இறக்கினோம், நன்றாக எரிந்தது என்றுதான் சொன்னார். உருளை சுற்றிய கூலியாட்கள் வெளியூர்க்காரர்கள், அன்றைக்கே பயந்து ஓடிவிட்டார்கள்; மாமா சொன்னதை வைத்துத்தான் எல்லோரும் விதி என்று முடித்தார்கள்.

"எரிஞ்சுதுன்னு சொன்னீங்களே மாமா?"

"சொன்னேன். வெளக்க எடுத்தாறது அவன் வேல. கயிறு என் வேல. அன்னைக்கி வெறுங்கையோட வந்தான். எங்கடான்னேன். நேத்து எறங்குன கெணறுதான, அதுக்கு நம்மளத் தெரியாதான்னு சிரிச்சான். திருப்பி அனுப்பியிருக்கணும். கால் மணி நேர நட. நானும் சிரிச்சிட்டு, வுடுன்னு சொல்லிட்டேன்."

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"எறங்கலன்னு ஊரு பேசறது எனக்கு ஒறைக்கல மாப்ள. எறங்கக் கூடாது, அது சரிதான். இத மாதம்மாகிட்ட சொல்லணும். சொல்லாம அந்த வூட்டு வழியா நடக்க முடியல. சொல்லிட்டா அந்த ஊர்லயே நடக்க முடியாது."

அக்காவிடம்கூட அவர் இதைச் சொல்லியிருக்கவில்லை. இத்தனை பேர் பேச்சை எழுதி வைத்திருக்கிறேனே, அந்த நேரத்துக்கு உதவ ஒரு வரி அகப்படவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தார்.

தொட்டிக்கரை

போட்டிக்கு முன் நாலடிக் கப்பலை மிதக்க விட்டுப் பார்க்கப் பென்னாகரத்தில் தண்ணீர் இல்லை. கடையில் இருந்த டிரம்மில் விட்டால் அது நட்டக்குத்தலாக நின்றது. ஏரியூர் ரோட்டில் ஒரு தோட்டக்காரருக்கு மோட்டார் கட்டிக் கொடுத்திருந்தேன். அதை மாட்டப் போகும்போது அவருடைய சிமெண்டுத் தொட்டியில் சோதனை செய்துகொள்ளலாம் என்று கேட்டு வைத்தேன்.

கேரியரில் கப்பலைக் கட்டிக்கொண்டு நானும் மாமாவும் சைக்கிளைத் தள்ளியே போனோம். அந்தத் தோட்டத்தில் அன்றைக்குக் கடலைக்குக் களை வெட்டு. வந்திருந்த பெண்களில் மாதம்மாவும் ஒருத்தி என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் மாமா பாதியிலேயே திரும்பியிருப்பார்.

மோட்டாரை மாட்டி ஓடவிட்டேன். தொட்டி நிரம்பியது. மேலாள் பொம்மையை விளிம்பில் செருகினோம். கப்பலை விட்டோம். முதலில் மூக்கு குப்புறக் கவிழ்ந்து வாலை ஆட்டியது. பின்பக்கம் ஒரு பழைய பேரிங்கைக் கட்டினேன். இப்போது சமமாக நின்றது. ட்யூபை முறுக்கி விட்டேன். அறைகளைத் திறந்தேன். காற்றுக் குழாயின் நுனி மாமா கையில்.

கப்பல் இறங்கியது. அவ்வளவு அழகாக இறங்கும் என்று நானே நினைக்கவில்லை. வெயில் தண்ணீருக்குள் போய்க் கண்ணாடியில் பட, உள்ளே எட்டு முதுகும் வளைந்து வளைந்து சுற்றுவது தெரிந்தது.

மதியக் கஞ்சிக்குக் கை கழுவ வந்த பெண்கள் சுற்றி நின்றுவிட்டார்கள்.

"ஐயே, உள்ள பாருடி, ஆளுங்க!"

"எதுக்குங்க இப்படிச் சுத்தறாங்க? மாவு அரைக்கறாங்களா?"

"முண்டாசு கட்டுனவரு உன் வூட்டுக்காரரு மாதிரியே இருக்காரு பாரு. ஆனா இவரு வேல செய்யறாரு."

ஒரே சிரிப்பு. மாமாவும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு நிமிர்ந்தவர், கூட்டத்துக்குப் பின்னால் நின்ற மாதம்மாவைப் பார்த்துவிட்டார்.

தண்ணீருக்குள் முறுக்கு அவிழ்ந்து முடிந்தது. எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் நின்றார்கள். கப்பல் தொட்டியின் அடியில் அசையாமல் கிடந்தது. இப்போது மாமா ஊத வேண்டும். குழாயை வாய்க்கருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

"ஊதுங்க மாமா" என்றேன்.

கூட்டத்தில் வாய்த்துடுக்கான ஒருத்தி பொம்மையையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மேல நின்னு வேடிக்க பாக்கறதுக்கு இவர வுட்டா ஆளு ஏது?" என்றாள்.

சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது.

"ஏய், வாய மூடிக்கினு போயி கஞ்சியக் குடி" என்றாள் மாதம்மா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் நகர்ந்து மரத்தடிக்குப் போனார்கள். அவள் மட்டும் தொட்டிக்கு வந்து, குனிந்து, கிடந்த கப்பலைப் பார்த்தாள்.

"உள்ள இருக்கறவங்களுக்குக் காத்து?" என்று கேட்டாள். என்னைக் கேட்டாளா மாமாவைக் கேட்டாளா தெரியவில்லை. இரண்டு வருஷத்தில் மாமாவின் பக்கத்தில் நின்று அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

மாமா குழாயை வாய்க்கருகிலிருந்து இறக்கினார்.

"மாதம்மா. அன்னைக்கி நான் வெளக்கு எறக்கல. எரிஞ்சுதுன்னு சொன்னது பொய்யி."

நான் அவர் கையிலிருந்து குழாயை வாங்கிக்கொண்டேன். எனக்கும் ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது. ஊதினேன். குமிழி குமிழியாக வந்தது. கப்பல் ஏறி வந்து தண்ணீருக்கு மேலே முதுகைக் காட்டியது. அவர்கள் இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

மாதம்மா களைக்கொத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தொட்டி விளிம்பில் தட்டினாள்.

"தெரியும்ண்ணா" என்றாள்.

மாமா அவளைப் பார்த்தார்.

"அரிக்கேன் எங்கூட்டு ஆணியிலதான தொங்கிச்சு. அவரு போயிக் கொஞ்ச நேரத்துலயே பாத்துட்டேன். எடுத்துக்கினு ஓடுனா ஏரிமேட்டுலயே புடிச்சிருப்பேன். அடுப்புல களி கிண்டிக்கினு இருந்தேன். வுட்டுட்டுப் போனா தீஞ்சிடுமேன்னு இருந்துட்டேன்."

களைக்கொத்தைக் கீழே வைத்தாள்.

"களி தீயாமத்தான் எறக்கினேன்."

மோட்டார் தண்ணீர் தொட்டியில் விழுந்துகொண்டே இருந்தது. நான் போய் நிறுத்தியிருக்கலாம். நகரத் தோன்றவில்லை.

"நீங்க வெளக்கு எரிஞ்சுதுன்னு சொன்னீங்க. அது பொய்யின்னு இந்த ஊர்ல எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நான் வாயே தொறக்கல. தொறந்தா, ஏன்டி பாத்தவ எடுத்துக்கினு ஓடலன்னு என்னையில்ல கேப்பாங்க? நீங்க கருமாதிக்கு வரல. எங்கூட்டச் சுத்திக்கினு போறீங்க. நான் வெளக்கப் பாத்தது இவருக்குத் தெரிஞ்சு போச்சு, அதான் நம்ம மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறாருன்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

மாமா தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அவளும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். மரத்தடியிலிருந்து யாரோ கஞ்சிக்குக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை.

"அது இன்னும் அந்த ஆணியிலயேதான் தொங்குது. எடுத்து வெக்க எனக்குக் கை வரல. நீங்க வந்து எடுத்துக்கினு போங்கண்ணா."

"எப்ப வரட்டும்?" என்று கேட்டார் மாமா.

"இன்னைக்கே வாங்க."

அன்று சாயங்காலம் கப்பலைக் கேரியரில் கட்டிக்கொண்டு நான் தனியாகத்தான் பென்னாகரத்துக்குப் புறப்பட்டேன். வளைவில் திரும்பும் முன் ஒரு காலை ஊன்றிப் பின்னால் பார்த்தேன். களை வெட்டிய பெண்கள் வரிசையாக ரோட்டோரம் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பத்தடி பின்னால், துண்டைக் கையில் பிடித்தபடி மாமா. முன்னால் போன மாதம்மா ஓரிடத்தில் வரிசையை விட்டு விலகி, அவர் வந்து சேரட்டும் என்று நின்றாள்.